பாளையங்கோட்டை செங்கல் பங்களா: கட்டடத்துக்கு ஐந்து ஸ்டார், பராமரிப்புக்கு இரண்டு

நமக்கு வீடு கட்டிக் கொடுக்கிற தொழில். அதனால் விடுதியாக மாற்றியிருக்கும் இந்தக் கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்து பங்களாவில் ரூம் போட்டதும் கட்டில், ஏசியை விட்டுவிட்டு சுவரைத்தான் பார்த்தேன்.

இங்கிலாந்தில் 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு ராஜாக்கள் வரிசையாக ஆண்டார்கள். அந்தக் காலத்து வீட்டுப் பாணிதான் ஜார்ஜியன். நடுவில் வாசல், நிலைக்கு மேல் அரைவட்டக் கண்ணாடி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஜன்னல்கள். இங்கேயும் முகப்பு அப்படியேதான். ஒரு செங்கல் நீளவாக்கில், அடுத்தது தலை மட்டும் தெரிய, வரிசை முழுக்க மாறி மாறிப் போகிறது. இன்ஜினியர்கள் பிளமிஷ் பாண்ட் என்பார்கள். இன்றைக்கு இப்படிக் கட்டச் சொன்னால் கூலி கொடுத்து மாளாது. மேற்கே மட்டும் நீளமாக வராந்தா இறக்கியிருக்கிறார்கள். சீமையில் வெயிலுக்கு ஏங்குவார்கள்; நம்மூர் சாயங்கால வெயிலுக்கு அது இல்லாமல் முடியுமா?

பக்கச் சுவரில் மாடத்தைப் போல உள்வாங்கி, கல் வைத்து அடைத்த ஒரு ஜன்னல். "ஜன்னல் வரிக்குப் பயந்து அடைச்சது அண்ணாச்சி" என்றார் காட்டிய தம்பி. வீட்டு ஜன்னல்களை எண்ணிப் போட்ட அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மைதான், ஆனால் இங்கிலாந்தில். கட்டிய பிறகு அடைத்திருந்தால் ஓரத்தில் செங்கல் வரிசை உடைந்து ஒட்டுத் தெரியும். இதில் செங்கல் வரிசைகள் பக்கத்துச் சுவரோடு பின்னிப் போகின்றன. உள்ளே அந்த இடத்தில் மாடிப்படி ஏறுகிறது. வெளியே ஜன்னல் அடுக்கு ஒத்துப்போக வேண்டுமென்று கட்டும்போதே வைத்த பொய் ஜன்னல் அது.

இப்போது கோபம். அடிச்சுவரில் ஈரம் ஏறியதென்று இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் பூசி, மேலே பெயிண்டும் அடித்துவிட்டார்கள். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உப்பு பூத்து, பூச்சுக்கு மேலே உள்ள கல் பொடிகிறது. தொட்டால் கையில் செம்மண். அதைக் கொத்தி எடுத்துவிட்டு சுண்ணாம்பே பூசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டினார்கள்.

காலையில் இடியாப்பமும் சொதியும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ரூம் கேட்கும்போது மாடியில் கிழக்குப் பக்கம் கேளுங்கள். தேக்கு உத்தரத்துக்கு மேல் சின்னச் செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம் அங்கே மட்டும்தான் பொய்க்கூரை போடாமல் தெரிகிறது.