மருத்துவமனைகளை ஆய்வு செய்யக் கற்றுத்தரும் இரண்டு நாள் வகுப்பு: காசுக்குத் தகுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் நடத்தும் வகுப்பு இது. ஆஸ்பத்திரி, கிளினிக், முதியோர் இல்லம் போன்ற இடங்களை ஆய்வு செய்பவர்களுக்கு உண்மையைத் தோண்டி எடுக்கும் திறமையைச் சொல்லித் தருவதாக விளம்பரம். நான் அதே ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கிளினிக்கில் தரக் கண்காணிப்பு பார்க்கிறேன். அதற்கு முன் நெடுங்காலம் வார்டு சிஸ்டர். இன்ஸ்பெக்டர் வந்தால் பதில் சொல்லும் இடத்தில் நிற்பவள். கேட்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கைக்காசைப் போட்டுப் போனேன்.

முதல் நாள் காலை முழுக்கச் சட்டம். 2013 தேசிய சுகாதாரத் திருத்தச் சட்டத்தால் வந்த ஓ.ஹெச்.எஸ்.சி. (சுகாதார நிலையங்களின் தரத்தைச் சரிபார்க்கும் அரசு அமைப்பு), 2018-ல் அரசிதழில் வெளியாகி ஓராண்டு கழித்து அமலான தர விதிகள், இன்ஸ்பெக்டருக்கு உள்ளே நுழைய உள்ள அதிகாரம் என்று போனது. தேவையான விஷயம்தான். ஆனால் ஸ்லைடில் இருந்ததை வரி வரியாக வாசித்தார்கள். அதை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் வீட்டில் டீ குடித்துக்கொண்டே படித்திருப்பேன்.

மதியம் லைஃப் எசிடிமேனி விவகாரம். இந்த நாட்டில் சுகாதாரத் துறையில் இருக்கும் யாருக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் வயிற்றைப் பிசையும். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில், அந்தப் பெயருள்ள பராமரிப்பு மையங்களில் இருந்த மனநோயாளிகளை அவசர அவசரமாகத் தொண்டு அமைப்புகளுக்கு மாற்றியதில் 144 பேர் செத்தார்கள். 2017 பிப்ரவரியில் சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மக்கோபா வெளியிட்ட அறிக்கை, அந்த 27 அமைப்புகளின் உரிமமும் செல்லாதது என்றது. சுவரில் உரிமம் தொங்குகிறதா என்று பார்ப்பதோடு வேலை முடியாது. யார் கையெழுத்து, கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் உண்டா, எந்த முகவரிக்கு, எத்தனை பேருக்கு என்று நான்கையும் பார்க்க வேண்டும் என்றார் பயிற்சியாளர். அன்றைக்கு உருப்படியாகக் கிடைத்தது இதுதான். இதற்கே அரை நாள் ஒதுக்கியிருக்கலாம். முக்கால் மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் வேறு ஆள். ஓய்வுபெற்ற மேட்ரன் (தலைமை நர்ஸ்) ஒருவர். ஸ்லைடே கிடையாது. ஒரு கட்டு ரெஜிஸ்டர் நகல்களைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "பொய் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்றார்.

தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலைத் தாள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், காலையும் மாலையும் எழுத வேண்டும். அந்தத் தாளில் மாதம் முழுக்க 4, 4, 4. பார்க்க அழகாக இருந்தது. அதன் பக்கத்தில் ஜெனரேட்டர் புத்தகத்தை வைத்தார்: லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) சமயத்தில் ஒரு நாள் டீசல் இல்லாமல் ஜெனரேட்டர் ஓடவே இல்லை. அன்றைக்கும் 4. அப்புறம் ட்யூட்டி ரோஸ்டரை வைத்தார். மாலைக் கையெழுத்துப் போட்டிருந்த சிஸ்டர் அந்த வாரம் லீவு. வகுப்பில் எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் எங்கள் கிளினிக் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது என்று சொல்ல முடியாது, பக்கத்தில் இருந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆளும் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஒரு தாள் தன்னைப் பற்றித் தானே நல்லதுதான் சொல்லும், அதோடு சம்பந்தமில்லாத இன்னொரு தாளைக் கேள் என்பது அவர் முறை. எமர்ஜென்சி ட்ராலிக்கும் அதே கதை. ரெஜிஸ்டரில் தினமும் டிக் இருக்கும். ட்ராலியில் இருக்கும் சீல் எண்ணும் புத்தகத்தில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா? தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா? ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி எங்கே? இதை மேலாளரிடம் கேட்கக் கூடாதாம். அன்றைக்கு ட்யூட்டியில் இருக்கும் மிக இளைய நர்ஸைக் கூப்பிட்டு, திறந்து காட்டம்மா என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் தனக்கு வர வெகுகாலம் ஆனது என்றார்.

நோயாளிகளிடம் பேசும் பயிற்சிதான் சொதப்பல். எல்லாம் ஆங்கிலத்தில் நாடகம். எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பாதி வார்டு ஜூலு மொழியில் பேசும்போது மொழிபெயர்ப்பாளரை எப்படி வைத்துக்கொள்வது, அங்கே வேலை பார்க்கும் ஆளையே மொழிபெயர்க்கச் சொன்னால் நோயாளி வாய் திறப்பாரா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் ஊர் முதியோர் இல்லங்களில் தங்கியிருக்கும் வயதான ஆயாக்களிடம் போய் "சாப்பாடு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்பார்கள், பக்கத்தில் சிஸ்டர் நிற்கிறாரே. "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீங்க ஆயா, எத்தனை மணிக்கு?" என்று கேட்டால்தான், சாயந்திரம் நாலரைக்கே ரொட்டியைக் கொடுத்துப் படுக்க வைத்த கதை வெளியே வரும். இதை நான் எழுந்து சொன்னேன். குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மற்றவை: சாப்பாட்டுக்குப் பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு நிரப்பியது), குறை சொல்ல முடியாது. ஏசி குளிர் தாங்காது, ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். அச்சடித்துத் தந்த கோப்பில் எழுத்து எறும்பு அளவு. மென்பிரதி கேட்டு வாங்குங்கள், கேட்டால் தருகிறார்கள்.

முடிவில் தரும் சான்றிதழால் நீங்கள் இன்ஸ்பெக்டர் ஆகிவிட மாட்டீர்கள். அது கலந்துகொண்டதற்கான காகிதம் மட்டும். விளம்பரத்தில் இதைத் தெளிவாகப் போடாதது சரியில்லை. கிளினிக் மேலாளர், தொற்றுத் தடுப்பு சிஸ்டர், முதியோர் இல்லக் கமிட்டியில் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். இரண்டாம் நாளை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று விசாரித்தேன். இப்போதைக்கு இல்லையாம். மேட்ரன்தான் வருகிறாரா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.