பன்னீர் ரோஜா இதழ் என்று ஆன்லைனில் வாங்குகிறீர்களா? 3,850 ரூபாய் போன கதை

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள், என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

மகளுக்கு வீட்டிலேயே நலங்கு மாவு அரைப்பேன். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்துவிடும். பன்னீர் ரோஜா மட்டும் நல்லதாக அமையாது. அப்போதுதான் வீட்டிலிருந்தே விற்கிற ஒரு பேஜ் கண்ணில் பட்டது. மொட்டை மாடியில் ஜமுக்காளம் விரித்து இதழ் காயவைக்கிற வீடியோ. நிலக்கோட்டைப் பக்கம் சொந்தத் தோட்டம் என்றார்கள். நான் திண்டுக்கல்காரி. அந்தப் பூ வாசத்தில் வளர்ந்தவள். "மருந்து அடிச்ச பூவாம்மா?" என்று கேட்டதற்கு, "என் பிள்ளைக்கே இதைத்தான் தேய்க்கிறேன் அக்கா" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பணம் அனுப்பினேன். இதழ் 2 கிலோ 2,800, ரோஜா எண்ணெய் 10 மில்லி 950, கூரியர் 100. ஆக 3,850.

வந்தது என்ன தெரியுமா? பன்னீர் ரோஜா இதழ் மெல்லிசாக, வெளிர் ரோஸில் இருக்கும். இது பொக்கே ரோஜா மாதிரி தடித்த இதழ். ஊதுபத்தி வாசம். தொட்ட விரலெல்லாம் சாயம். ஆனாலும் புத்தி கெட்டுப்போய் ஒரு பிடி அரைத்துப் பூசிவிட்டேன். மறுநாள் குழந்தை கன்னம் முழுக்கச் சிவந்து தடிப்பு. அப்புறம்தான் நான்கு இதழைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒரே நிமிஷத்தில் பளீரென்று ரோஸ் கலர். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டேன். அசல் பூச்சாயம் என்றால் பச்சையாகவோ நீலமாகவோ திரும்பும். இது அப்படியே நின்றது.

கேட்டதற்கு முதலில் "இயற்கைப் பொருள், பேட்ச்சுக்கு பேட்ச் நிறம் மாறும்". அப்புறம் "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?". அப்புறம் "உங்க பொண்ணுக்கு சென்சிடிவ் ஸ்கின்". கன்னத்தைப் படம் பிடித்து அனுப்பினேன், பிளாக் செய்துவிட்டார்கள். 3,850 ரூபாய்!

ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க மூவாயிரம் கிலோவுக்கு மேல் பூ வேண்டும். 10 மில்லிக்கே 30 கிலோ. 950 ரூபாய்க்கு எப்படி வரும்? இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

சரி, விவரமாக எழுதப் பொறுமை இல்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். இதழை நனைத்துப் பாருங்கள். காய்ச்சி வடித்த பன்னீர் நிறமில்லாமல்தான் இருக்கும், ரோஸ் கலரில் இருந்தால் தொடாதீர்கள். பொக்கே பூவை முகத்துக்கு அரைக்காதீர்கள், பூச்சி மருந்து இருக்கும். எதுவானாலும் முதலில் முழங்கையில் தடவி ஒரு நாள் பாருங்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

இன்று காலை வீட்டுக்காரர் போனில் பார்த்தேன். அதே ஜமுக்காள வீடியோவை மறுபடி போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு அம்மா, கைக்குழந்தைக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறார்.