ஒரே மெயின் ஃப்யூஸா, பேட்டரிக்கு ஒண்ணா?

கேம்பர்வேன்ல ரெண்டு மூணு லித்தியம் பேட்டரிய பேரலலா போட்டு, கேபிள் எல்லாம் ஒண்ணு சேர்ற உலோகப் பட்டையான பஸ்பாருக்கு அப்புறம் ஒரே ஒரு கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் வெச்சா வயரிங் சுளுவு, 20,000 ஆம்பியர் ஷார்ட்டையும் அசராம கட் பண்ணும். ஆனா ஒரு பேட்டரியோட பாசிட்டிவ் கேபிள் உரசி வண்டி பாடில பட்டுச்சுன்னா மத்த பேட்டரி எல்லாம் சேந்து கரண்ட்ட அங்கதான் கொட்டும், அது மெயின் ஃப்யூஸ் வழியா போகவே போகாது, அப்புறம் அது இருந்து என்ன புண்ணியம்? பேட்டரிக்குள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் பாத்துக்கும்பாங்க, அதுல கரண்ட்ட கட் பண்ற சுவிட்சான மாஸ்ஃபெட்டே ஷார்ட் ஆகலாம்ங்க.

ஒவ்வொரு பாசிட்டிவ் டெர்மினல் மேலயும் எம்ஆர்பிஎஃப்னு (MRBF) டெர்மினல்லயே நேரா உக்கார்ற சின்ன ஃப்யூஸ் மாட்டினா அந்தத் தொல்லை இல்ல. 12 வோல்ட் சிஸ்டத்துல 10,000 ஆம்பியர் வரை அறுக்கும், 24க்கு போனா பாதிதான், அங்க பேட்டரிக்கு ஒரு கிளாஸ் டி. ஃப்யூஸ் வழக்கமா தாங்குற ஆம்பியர் ரேட்டிங் மட்டும் கேபிள் தாங்குறத தாண்டக்கூடாது. என் ஓட்டு தனித்தனிக்கே.