குவியத் தூரம் காண எது நல்லது: பனையா, தளவாடியா, மெழுகுதிரியா?

யாழ்ப்பாணத்தில் உயர்தர பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் குவிவுவில்லையின் குவியத் தூரத்தைக் காண, அதாவது சமாந்தரமாக வரும் கதிர்களை வில்லை எவ்வளவு தூரத்தில் ஒரு புள்ளியில் (குவியத்தில்) சேர்க்கிறது என்று காண, வழக்கமாக மூன்று வழி பழகுகிறார்கள். நான் மெழுகுதிரியின் பக்கம். ஆனாலும் பனையில்தான் தொடங்க வேண்டும்.

அறையை இருட்டாக்கி ஒரு யன்னலை மட்டும் திறந்துவிடுங்கள். வளவுக்கு அப்பால் நிற்கும் பனையை நோக்கி வில்லையைப் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வட்டு கீழேயும் அடி மேலேயுமாக மரம் தெளிவாக விழும். தூரத்துக் கதிர்கள் ஏறத்தாழச் சமாந்தரமாக வருவதால், வில்லையிலிருந்து தாள் உள்ள தூரத்தையே குவியத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறோம். 15 சென்ரிமீற்றர் வில்லைக்கு, 30 மீற்றர் தள்ளி நிற்கும் பனையின் விம்பம் 15.08 இல் விழும். பிழை ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. சோம்பலில் 3 மீற்றரில் இருக்கும் படலையைப் பார்த்தால் 15.8 வந்துவிடும்!

தளவாடி முறைக்கு இருட்டு வேண்டாம். வில்லைக்குப் பின்னே தட்டையான ஆடியை வைத்து, முன்னே குண்டூசியை நகர்த்த வேண்டும். ஊசி குவியத்துக்கு வந்ததும் ஒளி திரும்பி வந்து அதே இடத்தில் தலைகீழ் விம்பமாகும். கண்ணை இடம் வலம் அசைத்தாலும் ஊசியும் விம்பமும் பிரியக்கூடாது. அதைப் பிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

சரி, மெழுகுதிரி. சுடருக்கும் திரைக்கும் இடையே 80 சென்ரிமீற்றர் வையுங்கள். அதே வில்லை சுடரிலிருந்து 20 இல் நிற்கும்போது, மூன்று மடங்கு பெரிய தலைகீழ்ச் சுடர் திரையில் விழும். இன்னும் 40 தள்ளினால் மூன்றிலொன்றாகச் சிறுத்த சுடர். 80 இன் வர்க்கத்திலிருந்து, வில்லை நகர்ந்த 40 இன் வர்க்கத்தைக் கழித்து, 80 இன் நாலு மடங்கான 320 ஆல் பிரித்தால் குவியத் தூரம் 15. மற்ற இரண்டு முறைகளிலும் வில்லையின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். கண்ணாடிக்குள் இருக்கும் நடுவில் அளவுகோலை எப்படி வைப்பது? இங்கே தாங்கி எவ்வளவு நகர்ந்தது என்பது போதும். எனக்கு இது பிடித்ததற்குக் காரணமே அதுதான்.

ஆனால் சுடருக்கும் திரைக்கும் உள்ள தூரம் குவியத் தூரத்தின் நாலு மடங்கைத் தாண்ட வேண்டும், இங்கே 60. குறைந்தால் திரையில் தெளிவான விம்பமே கிடைக்காது. குவியத் தூரத்தை ஏறத்தாழ முன்பே அறிந்துகொள்ளத்தான் முதலில் பனை. சோளகக் காற்றில் சுடர் நிற்காவிட்டால், கம்பிவலைக்குப் பின்னால் டோர்ச் வையுங்கள்.

ஒளியை விரிக்கும் குழிவுவில்லை தனியாகத் திரையில் விம்பம் தராது. 30 சென்ரிமீற்றர் குழிவுவில்லையை இந்த 15 உடன் ஒட்டி வைத்தால், சேர்ந்த குவியத் தூரம் 30. அப்போது திரை 120 ஐத் தாண்டிப் போக வேண்டும். நீளமான மேசையாகப் பார்த்து எடுங்கள்.