முள் 100, போன் 89: பொய் சொல்லும் ஸ்பீடோமீட்டரை என்ன செய்யலாம்?

திருச்சி-மதுரை நாலுவழிச் சாலையில் விராலிமலை தாண்டியதும் முள்ளை 100-இல் நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியும், ஒரு பழைய ஆம்னி வேன் உட்பட, ஏதோ நான் ஓரமாக நிற்கிற மாதிரி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த மச்சான் போனில் மேப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "மாப்ள, நீங்க 89-லதான் போறீங்க" என்றார். கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதுவரை எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் இதே வேலையாகத் திரிந்தேன். யாரைக் கேட்டாலும் ஒரு யோசனை: ஜிபிஎஸ் பார், ஓபிடி (காரின் கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும் கருவி) மாட்டு, மீட்டரை மாற்று, டயரை மாற்று, பேசாமல் விடு. எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், எது சிறந்தது என்பதைவிடத் தப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முதலில் தெரியவேண்டும் என்று புரிந்தது. அது தெரியாமல் செலவழித்தால் பல்வலிக்குக் காதில் மருந்து ஊற்றின கதைதான்.

முதலில் ஒன்று. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது கோளாறே இல்லை, வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறார்கள். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39-இன்படி மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டுவதாக இருந்தால் உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை போகலாம். அதாவது நிஜமாக 100-இல் போகிற கார் 114 காட்டினாலும் அந்த விதிக்குள்தான். என் 89-க்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 102 வரை இடம் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் "சார், இதெல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பியபோது வந்த எரிச்சல், இந்தக் கணக்கைப் போட்டதும் பாதியாகக் குறைந்துவிட்டது.

சரி, அளக்கிற வழிகளில் தொடங்கலாம்.

காசே இல்லாத வழி கிலோமீட்டர் கல். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டவேண்டும், பக்கத்தில் இருப்பவர் ஸ்டாப்வாட்ச் பார்க்கவேண்டும், ஓட்டுகிறவர் பார்க்கக்கூடாது. ஒரு கிலோமீட்டரை 36 வினாடியில் கடந்தால் 100, 45 வினாடி என்றால் 80, ஒரு நிமிடம் என்றால் 60. ஒரு கல்லோடு நிறுத்தினால் கை பிசகிவிடும், ஐந்து கல்லாவது எடுக்கவேண்டும். நான் முள்ளை 90-இல் வைத்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டியதில் 3 நிமிடம் 44 வினாடி வந்தது, அதாவது உண்மை வேகம் 80. புறவழிச்சாலை போட்ட இடங்களில் கல்லுக்குக் கல் இடைவெளியை அப்படியே நம்பவேண்டாம். நேரான பழைய பகுதியாகப் பார்த்து எடுங்கள். இந்த முறையில் இன்னொரு லாபமும் உண்டு, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். இருபது கல் தாண்டியபோது என் கார் 21.2 கிலோமீட்டர் ஓடியதாகச் சொன்னது. விஷயம் முள்ளோடு நிற்கவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

போன் ஜிபிஎஸ் இதைவிடச் சுலபம். மேப்ஸிலேயே வேகம் தெரியும், இல்லாவிட்டால் இலவச செயலிகள் நிறைய இருக்கின்றன. செயற்கைக்கோள் சிக்னலின் அலைவரிசை எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்தே வேகத்தைக் கணக்கிடமுடியும் என்பதால், திறந்தவெளியில் சீரான வேகத்தில் போகும்போது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் சரியாக இருக்கும், டயர் என்ன சைஸ் என்று அதற்குத் தெரியவும் தெரியாது, கவலையும் இல்லை. ஆனால் வேகம் கூட்டும்போதும் பிரேக் போடும்போதும் ஒன்றிரண்டு வினாடி பின்தங்கும். திருச்சூர் போகிற வழியில் குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்தால் அதை நம்புவதற்கில்லை. மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்படித்தான், ஆனால் அங்கே வேகம் பார்த்து ஓட்டுகிறவர் யார்? அளப்பதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை. தினமும் இதைப் பார்த்தே ஓட்டலாமா என்றால் எனக்குப் பிடிக்கவில்லை. போன் சூடாகும், அழைப்பு வந்தால் திரை மாறும், கண் சாலையைவிட்டு அங்கேயே போகும்.

ஓபிடி டாங்கிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் சொருகி, புளூடூத்தில் போனோடு இணைத்தால் காரின் கம்ப்யூட்டர் தனக்குள் என்ன வேகம் என்று நினைக்கிறதோ அதை அப்படியே காட்டும். "ஓபிடி காட்டுறதுதான் உண்மையான வேகம்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், அது தப்பு. கம்ப்யூட்டருக்குத் தெரிவது சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை கம்பெனி டயரை வைத்து முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். டயர் மாறினால் ஓபிடியும் கூடவே பொய் சொல்லும். பல கார்களில் அது தவிர்ப்பது ஒன்றைத்தான், மீட்டர் தன் பங்குக்குக் கூட்டிக் காட்டும் அந்த உபரியை.

ஆனால் அதனாலேயே அது உதவும். என் காரில் ஒரே நேரத்தில் மூன்றையும் பார்த்தோம்: முள் 100, ஓபிடி 94, ஜிபிஎஸ் 89. முள்ளுக்கும் ஓபிடிக்கும் நடுவில் இருக்கிற 6 கம்பெனி வைத்த உபரி, அதைத் தொடவேண்டியதில்லை. ஓபிடிக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிற 5 டயரின் வேலை. இந்த இரண்டாவது இடைவெளி உங்கள் காரில் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

என் கதை டயரைக் குனிந்து பார்த்ததும் வெளியே வந்தது. அந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14 (அகலம் 165 மில்லிமீட்டர், டயரின் பக்கச் சுவர் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்). முன்பு வைத்திருந்தவர் அழகுக்காக அலாய் வீல் போட்டு 195/55 ஆர்15 மாட்டியிருக்கிறார். ரிம் பெரிதானதால் டயரும் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி, அதோடு டயர் அகலத்தில் அந்தச் சதவீதத்தை இரண்டு மடங்காகக் கூட்டவேண்டும். டயரின் விட்டம் வரும், பழையதற்கு 619.6 மில்லிமீட்டர், புதியதற்கு 595.5. நாலு சதவீதம் சின்னது, அதனால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். அதோடு டயர் தேய்ந்தும் இருந்தது. புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கிற பட்டன் (சாலையில் படுகிற ரப்பர் மேடு) 1.6-க்கு வரும்போது விட்டத்தில் மட்டும் இரண்டு சதவீதம் போய்விடும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 5. காற்று குறைந்தாலும் கொஞ்சம் மாறும், அது கணக்கில் வராத அளவு.

சின்ன டயரால் ஆபத்தில்லை, மெதுவாகத்தானே போகிறோம், விட்டுவிடலாம் என்று தோன்றும். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஓடோமீட்டரும் அதே சுற்றை எண்ணித்தான் தூரம் சொல்கிறது. மைலேஜ் 21 என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்த கார் உண்மையில் 20-ஐத் தொடவில்லை. பத்தாயிரத்துக்கு ஒரு சர்வீஸ் என்றால் 9,440-இலேயே போய் நிற்கிறேன். விற்கும்போது ஓடாத கிலோமீட்டருக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார்கள்.

பெரிய டயர் போட்டவர்கள் கதை நேர் எதிர், அவர்கள்தான் உண்மையில் கவலைப்படவேண்டும். 215/75 ஆர்15 வருகிற ஜீப் மாதிரி வண்டிகளில் 235/75 போடுவது சகஜம். விட்டம் 703.5-இலிருந்து 733.5 ஆகிறது, நாலு சதவீதத்துக்கு மேல் ஏற்றம். கம்பெனி வைத்த பாதுகாப்பு இடைவெளியை அந்த டயர் அப்படியே தின்றுவிடும், முள் 100 என்றால் வண்டியும் கிட்டத்தட்ட 100-இல்தான் போகும். இன்னும் பெரிதாகப் போட்டால் முள்ளைத் தாண்டிப் போய்விடும். போலீஸின் ஸ்பீட் கன் உங்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை. அபராதம் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. "மீட்டர்ல கம்மியாத்தான் காட்டுச்சு சார்" என்று சொல்லிப் பிரயோஜனமில்லை.

இப்போது சரிசெய்கிற வழிகள். கண்ணாடியில் எண்ணைப் பிரதிபலிக்கிற ஹெச்யுடி பெட்டி வாங்கி டேஷ்போர்டில் ஒட்டலாம். வாங்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்றே ஒன்று, அது ஜிபிஎஸ்ஸில் ஓடுகிறதா ஓபிடியில் ஓடுகிறதா என்பது. ஓபிடியில் மட்டும் ஓடுகிற வகை, டயர் மாற்றிய காரில் பழைய பொய்யையே கண்ணாடியில் பெரிதாக எழுதும். திருத்திக்கொள்ள வசதி இருந்தால் பரவாயில்லை. ஜிபிஎஸ் வகை நல்லதுதான், ஆனால் ஓடோமீட்டர் தப்பு அப்படியே இருக்கும். நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார், நம் ஊர் மதிய வெயிலில் அந்த எண்ணைப் படிக்க முடிந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

மீட்டரையே மாற்றுவது, அல்லது புரோகிராம் செய்வது? இதற்கு நான் கைகூப்பி வேண்டாம் என்று சொல்வேன். இந்த வேலை தெரிந்த ஆட்களில் பலர் யார் என்றால், விற்பனைக்கு வருகிற காரில் கிலோமீட்டரைப் பின்னால் திருப்பிக் கொடுக்கிறவர்கள். நீங்கள் நல்லதுக்காகவே போயிருந்தாலும், நாளை வாங்க வருகிறவர் மீட்டர் கழற்றிய தடத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டி வைத்து சிக்னலைத் திருத்துகிற வழியும் இருக்கிறது. பழைய வகையில் சரி. இப்போதைய பல கார்களில் வேகம் வருவது ஏபிஎஸ்ஸுக்கும் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற வசதி) பயன்படுகிற சக்கர சென்சாரிலிருந்து. பிரேக் சம்பந்தப்பட்ட வயரில் யாரையும் கை வைக்க நான் விடமாட்டேன்.

முள் கூட்டியோ குறைத்தோ காட்டாமல் ஆடிக்கொண்டே இருந்தால் அது வேறு வியாதி. அம்பாசடர், பத்மினி கார்கள் காலத்து மீட்டரில் கேபிள் சுழன்று ஒரு காந்தத்தைச் சுழற்றும், அந்தக் காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், கிண்ணத்தோடு முள் நகரும். கேபிள் காய்ந்து போனால் முள் தலையாட்டும். கேபிளை உருவி கிரீஸ் போட்டாலோ புதிது மாற்றினாலோ முடிந்தது. என் மாமாவின் அம்பாசடரில் 40-க்கும் 70-க்கும் நடுவில் முள் ஊஞ்சல் ஆடும், அவர் எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் ஓட்டினார். எலக்ட்ரானிக் மீட்டரில் முள் துள்ளினால் சென்சாரையும் வயரிங்கையும் பார்க்கவேண்டும், டயர் கணக்கெல்லாம் அங்கே உதவாது.

டயர் இன்னும் பாதி ஆயுள் இருக்கிறது, இப்போது செலவு முடியாது என்பவர்களுக்கு மனக்கணக்கு போதும். முள் 50, 80, 100 காட்டும்போது உண்மையில் எவ்வளவு என்று ஒருமுறை அளந்து, சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் நான் அப்படித்தான் ஓட்டினேன். ஒரே தொல்லை, வீட்டில் வேறு யாராவது வண்டியை எடுத்தால் "இது என்ன நம்பர்?" என்று விளக்கவேண்டியிருக்கும்.

கடைசியில் நான் செய்தது கம்பெனி சைஸுக்கே திரும்பியது. டயர் எப்படியும் மாற்றவேண்டிய நிலையில் இருந்ததால் மனசு வந்தது. நல்ல டயராக இருந்திருந்தால் ஸ்டிக்கரோடு இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருப்பேன். அலாயை விற்ற காசு புது டயர் விலையில் ஒரு பங்குக்குத்தான் வந்தது, ஸ்டீல் ரிம்முக்கு வீல் கப் போட்டதில் கார் பத்து வயது கூடின மாதிரி இருக்கிறது. 15 அங்குலத்தையே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு 185/65 ஆர்15 என்று ஒரு வழி இருக்கிறது, அது 621.5 வருகிறது, பழையதோடு ஒட்டிப்போகும். நான் அதைக் கண்டுபிடித்தது அலாயை விற்ற மறுவாரம். இப்போது முள் 100, போன் 95. டிஸ்பிளேயில் மைலேஜ் மட்டும் 20-க்குக் கீழே இறங்கிவிட்டது, டயர் மாற்றினதும் வண்டி பெட்ரோல் குடிக்கிறதே என்று மச்சான் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.