மாடி அறை வெக்கைக்கு எது மருந்து? வெள்ளை, தட்டோடு, நிழல், ஃபால்ஸ் சீலிங், ஏசி

இரவு ஒன்பது மணிக்குக் கீழ் வீட்டில் மின்விசிறியே போதும். அதே நேரத்தில் மாடி அறையில் மெத்தை சுடுகிறது, சுவர் சுடுகிறது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. திருச்சியில் எங்கள் வீடு இப்படித்தான் இருந்தது. ஏப்ரல் பிறந்தால் பிள்ளைகளின் பாய் கீழே கூடத்துக்கு வந்துவிடும். வயதான அப்பா அம்மாவை அந்த அறையில் படுக்கவைக்க மனசு வராது. பணம் போட்டுக் கட்டிய ஓர் அறை வருஷத்தில் மூன்று மாதம் வீணாகக் கிடந்தது. அதனால்தான் என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் காரணம். கீழ் அறையின் கூரைக்கு மேலே இன்னோர் அறை இருக்கிறது. மாடி அறையின் கூரைக்கு மேலே வானம்தான். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது சுவரை விடத் தளம்தான் அதிகம் வாங்கும். 5 அங்குலக் காங்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ எடை. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் நம் தலைக்கு மேலே மூன்று டன்னுக்கு மேல் காங்கிரீட். அது மெதுவாகச் சூடேறி, மெதுவாகத்தான் ஆறும். வெயில் இறங்கிய பிறகும், நாம் படுக்கப் போகிற நேரத்தில் அது அனலைக் கீழே விட்டுக்கொண்டிருப்பது இதனால்தான்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. இரவு எட்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் மேற்குச் சுவரைத் தொடுங்கள். எது அதிகம் சுடுகிறதோ அதற்குத்தான் வைத்தியம். மேற்குச் சுவர்தான் சுடுகிறது என்றால் கூரைக்குச் செய்யும் செலவில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. அதற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி, சுவரை ஒட்டிப் படரும் கொடி, இடம் இருந்தால் ஒரு புங்க மரம். உள்ளே தொங்கும் திரைச்சீலை இதற்கு ஈடாகாது. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் அந்தச் சூடு அறைக்குள் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

பெரும்பாலான வீடுகளில் கூரைதான் குற்றவாளி. அதற்கான வழிகளில் மலிவானது மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளை அடிப்பது. நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. பழுப்பேறிய சிமெண்ட் தளம் அதில் மூன்றில் இரண்டு பங்கை இழுத்துக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு எண்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் வீட்டில் நான் கண்ணாரக் கண்டது ஒன்றே ஒன்று: இரவில் தொட்டால் கையை எடுக்க வைத்த கூரை, பூசிய பிறகு வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. அகமதாபாத் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்த பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதைக் கையில் எடுத்தது. தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. ஏழை வீட்டுக்கும் எட்டுகிற வழி என்பதால் இதன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இதிலேயே இரண்டு வகை. சுண்ணாம்பு அடித்தால் செலவு மிகக் குறைவு, ஆனால் ஐப்பசி மழை கரைத்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் விலை அதிகம், சில வருஷம் தாங்கும். ஆனால் தூசி படிந்தால் அதன் வேலையும் குறையும். மாசி மாதமே தென்னந்துடைப்பத்தால் ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுவது நல்லது. கடையில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். மழை ஒழுகாமல் இருக்க அடிக்கும் பெயிண்டைச் செங்கல் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் எடுத்துக் காட்டுவார்கள். ஒழுகலை அது நிறுத்தலாம், வெக்கையை நிறுத்தாது. வெள்ளை நிறத்திலேயே கேளுங்கள், டப்பாவில் எஸ்ஆர்ஐ எண் (பூச்சு வெயிலை எவ்வளவு திருப்பி அனுப்பி, சூடேறாமல் இருக்கும் என்பதைச் சொல்லும் எண்) போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது கூடக் கூட நல்லது. ஈரத்தில் வழுக்கும் என்பதால் துணி காயப்போடும் பாதையில் மட்டும் சொரசொரப்பான பூச்சு கேட்டு வாங்கலாம்.

அடுத்தது தட்டோடு, அதாவது தளத்தின் மேல் பதிக்கும் தட்டையான சுட்ட மண் ஓடு. இது நம் ஊர்க் கட்டிடக்கலையின் பழைய பாடம். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பில் செங்கல் ஜல்லி கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிக்கும் மெட்ராஸ் தளத்து வீட்டில் மத்தியானம் படுத்தவர்களுக்கு அதன் குளிர்ச்சி தெரியும். அந்தக் குளிர்ச்சி வந்தது மேலே இருந்த ஓட்டினால் மட்டும் இல்லை, அதற்கடியில் இருந்த மூன்று நான்கு அங்குலச் செங்கல் ஜல்லியாலும்தான். இன்று பல இடங்களில் அந்த ஜல்லியை விட்டுவிட்டு, சிமெண்ட் கலவையில் ஓடுகளை மட்டும் பதித்துவிட்டு ‘வெதரிங் கோர்ஸ் (வெயில், மழையிலிருந்து தளத்தைக் காக்கும் மேலடுக்கு) போட்டாச்சு’ என்கிறார்கள். அது மழைக்கு உதவும், வெயிலுக்குப் பெரிதாக உதவாது. ஜல்லியோடு முழுதாகப் போட்டால் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் எடை ஏறும். புது வீட்டுக்கு இது சரி. இருபது வருஷப் பழைய தளத்தில் பொறியாளரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

என்னைக் கேட்டால், சொந்த வீடும் கையில் பணமும் இருந்தால் நிழல்தான் முதல் தேர்வு. தளத்தில் வெயிலே படவில்லை என்றால் தளம் சூடாக வழியில்லை. மொட்டை மாடியில் ஏழெட்டு அடி உயரத்தில் ஷீட் போட்டு, நான்கு பக்கமும் திறந்து விட்டால், ஷீட் வாங்கும் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். பக்கங்களை அடைத்து ஸ்டோர் ரூம் ஆக்கினால் அந்தப் பலன் போய்விடும், அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். காற்றுக்குத் தாங்கும்படி கட்டுவது அதைவிட முக்கியம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவிலும் எத்தனை ஷீட்டைப் பிடுங்கி எறிந்தன என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பசுமை வலை மலிவு, ஆனால் 50 சதவீத வலை பாதி வெயிலை விட்டுவிடும், 75 சதவீதம் கேளுங்கள். கீற்றுப் பந்தலின் குளுமைக்கு எதுவும் ஈடில்லை, தீ பயம் மட்டும் உண்டு. தொட்டிச் செடிகள் கண்ணுக்கு அழகு, ஆனால் தொட்டி மறைக்கிற இடத்துக்குத்தான் நிழல்.

நிழல் என்றதும் பலர் யோசிக்காத ஒன்று சூரிய மின்தகடு. 3 கிலோவாட் தகடுகளுக்குச் சுமார் 300 சதுர அடி வேண்டும். இரண்டு படுக்கையறைகளின் கூரை அது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. எப்படியும் போடப்போகிறீர்கள் என்றால் நடைபாதைக்கு மேலே போடாமல், வெக்கை அறைக்கு மேலே வரும்படி போடச் சொல்லுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வெயில் ஏற்கெனவே தளத்துக்குள் இறங்கிய பிறகு கீழே ஒரு திரை கட்டுவது அது. தளம் நேராக நம் மேல் அனல் வீசுவதைக் குறைக்கும், ஏசி இருந்தால் குளிர வேண்டிய காற்றும் குறையும். ஆனால் ஓர் அடி உயரம் போகும், மேலே ஒழுகினாலும் கறை வரும்வரை தெரியாது. ஏசி இல்லாத அறைக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

கூலர் ஊரைப் பொறுத்தது. காய்ந்த காற்றில்தான் தண்ணீர் நன்றாக ஆவியாகும், ஆவியானால்தான் குளிரும். வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் சித்திரை மத்தியானத்தில் அருமையாக வேலை செய்யும். கடலோர ஊர்களில் புழுக்கத்தைத்தான் கூட்டும். எங்கே வைத்தாலும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

ஏசி நிச்சயம் குளிர்விக்கும், அதில் சந்தேகமில்லை. ஏசியில் ஒரு டன் என்பது எடை இல்லை, மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆனால் கொதிக்கிற தளத்துக்குக் கீழே அது ராத்திரி முழுக்க அந்த மூன்று டன் காங்கிரீட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். ரிமோட்டில் 24 என்று காட்டினாலும் மேலேயிருந்து அனல் உடம்பில் பட்டுக்கொண்டே இருக்கும், அதனால் 20-க்கு இறக்குவோம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மின்கட்டணத்தில் கீழ் அடுக்குகளின் விலையும் மாறிவிடுகிறது என்பதால் அந்தக் கடைசி நூறு யூனிட் மிகவும் வலிக்கும். வெள்ளையோ நிழலோ முடித்துவிட்டு, ஒரு கோடையைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஏசி வாங்குங்கள். ஒன்றரை டன் தேவைப்பட்ட அறைக்கு ஒரு டன்னே போதும் என்று ஆகலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு: சுண்ணாம்புச் செலவை நீங்களே ஏற்பதாக வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பலர் சம்மதிப்பார்கள். சாயங்காலம் தளத்தில் தண்ணீர் தெளிப்பதும் வீண் வேலை இல்லை. 15 லிட்டர் வாளித் தண்ணீர் முழுதாக ஆவியாக ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும், அதில் ஒரு பங்கைத் தளத்திலிருந்துதான் எடுக்கும். தேங்க விடாமல் தெளித்தால் போதும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள தெருவில், துணி அலசிய தண்ணீரே இதற்குத் தாராளம்.

நாங்கள் முதலில் வெள்ளை அடித்தோம், அடுத்த வருஷம் மேற்கு ஜன்னலுக்குத் தட்டி கட்டினோம். ஷீட்டுக்கு இன்னும் பணம் சேர்க்கிறோம். பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் பிப்ரவரி கடைசியிலேயே ஆளைச் சொல்லி வையுங்கள். பாசியைச் சுரண்டி, விரிசலை அடைத்து, தளம் இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த பிறகுதான் முதல் கோட் ஏற வேண்டும். கத்திரி தொடங்கிய பிறகு ஆளைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.