இசைப் பட்டம்: மதுரை பஸ்ஸா, சென்னை ரயிலா, கடல் கடந்த பி.மியூஸா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் ஒருசில வீடுகளிலாவது இந்தக் கேள்வி எழும்: "பிள்ளை நல்லா பாடுது, இசையிலேயே டிகிரி படிக்க என்ன தகுதி வேணும்?" சேரும் தகுதியை மட்டும் பார்த்தால் எல்லா டிகிரி வழியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிளஸ் டூ பாஸ், பிறகு பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும். சேர்ந்த பிறகு என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதலில் ராமநாதபுரத்திலேயே இருக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளி. அது பட்டம் தராது, மூன்றாண்டுச் சான்றிதழ்தான். 12 முதல் 25 வயதுவரை சேரலாம். குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம் என்று ஏழு பிரிவுகள். டிகிரி பற்றிப் பேசும்போது பலர் இதைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினேழு வயதில் சரளிவரிசை என்ற முதல் பாடத்தில் தொடங்கப்போகிற பிள்ளை நேரே பி.ஏ.வில் உட்கார்ந்தால், அந்த நேரத்துக் கற்பனையில் ஸ்வரம் கோக்கும் கல்பனாஸ்வரம் பாடச் சொல்லும் ஆண்டில் திணறும். முன்பே இந்தப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்தத் திணறல் இருக்காது.

அடுத்து, அதிகம் குழப்பும் இரண்டு: பட்டயமும் (டிப்ளமோ) பி.ஏ.வும். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக்கல்லூரிகள் உண்டு. நமக்குக் கிட்டம் மதுரை, பசுமலை. ராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இன்னும் 50-க்கு மேல். தினமும் போய்வருகிற தூரமில்லை, விடுதியோ உறவினர் வீடோ வேண்டும். பட்டயத்துக்குப் பத்தாம் வகுப்பு போதும், பி.ஏ.வுக்குப் பிளஸ் டூ. இரண்டும் மூன்று ஆண்டுதான். "பட்டயம்னா வெறும் பாட்டு, பி.ஏ.ன்னா தமிழ், இங்கிலீஷ் எல்லாம் எழுதணுமே" என்று பட்டயத்தின் பக்கம் சாய்பவர்கள் நிறைய.

பாட்டு நேரம் அதிகம் கிடைப்பது பட்டயத்தில்தான், மறுக்கவில்லை. நாதஸ்வரம், தவில் குடும்பத்துப் பிள்ளை கோயிலிலும் கல்யாணத்திலும் வாசிக்கத்தான் போகிறான் என்றால் நானும் அதையே சொல்வேன். வானொலி நிலையத்தின் கலைஞர் தேர்வில் (ஆடிஷன்) 'பி', 'பி ஹை', 'ஏ' என்று தரம் போடும்போதும் டிகிரியைப் பார்ப்பதில்லை, வாசிப்பைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கல்லூரியில் பாடம் சொல்லித்தரும் ஆசை மனதின் ஓரத்தில் கொஞ்சம் இருந்தாலும் பி.ஏ.தான். எம்.ஏ.வுக்கு இளங்கலைப் பட்டம் அடிப்படை. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வுக்கு முதுகலையில் 55 சதவீதம் கேட்பார்கள், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. பதினைந்து வயதில் எடுத்த முடிவு இருபத்தைந்து வயதில் வந்து இடிக்கும் இடம் இதுதான்.

பி.ஏ. கேட்பதையும் பார்த்துவிடலாம். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு இளங்கலை என்றால் பெரும்பாலும் 140 கிரெடிட், ஆறு செமஸ்டர். தமிழ், ஆங்கிலம், துணைப்பாடம், சுற்றுச்சூழல் கல்வி எல்லாம் அதற்குள் வரும். இசைப் பகுதியில் வர்ணம், கீர்த்தனை, ஆலாபனை என்று ஏறிக்கொண்டே போகும் செய்முறைத் தேர்வு ஒருபக்கம். 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்), 35 தாளம், பண்கள், ராக லட்சணம், ஸ்வரப்படுத்தி எழுதுவது என்று எழுத்துத் தாள்கள் மறுபக்கம். வருகைப்பதிவு 75 சதவீதம். கச்சேரி சீசனில் அப்பாவோடு வாசிக்கப் போகும் பிள்ளைகள் கோட்டைவிடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) என்றால் திருச்சியின் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி நினைவுக்கு வரும். கேட்பதில் பி.ஏ.விலிருந்து வெகுதூரம் இல்லை. பரதமும் இசையும் ஒரே வளாகத்தில் வேண்டுமென்பவர்கள் பார்க்கலாம்.

இனி கீபோர்டு பிள்ளைகள். தங்கச்சிமடம், பாம்பன் தேவாலயப் பாடகர் குழுக்களில் நான்கு குரல் பிரித்துப் பாடுபவர்களும் தாளம் பிசகாமல் துணை வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். நம் பி.ஏ. இந்தத் திறமையை ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை, அது முழுக்கத் தனி வித்துவானை உருவாக்கும் படிப்பு. அமெரிக்க பி.மியூஸ் (இசைக்கென்றே உள்ள இளங்கலைப் பட்டம்) நேர்மாறு. அங்கே வழக்கமாக 120 கிரெடிட், அதில் மூன்றில் இரண்டு பங்கு இசைதான். ஒவ்வொரு செமஸ்டரும் குழுவில் வாசித்தே ஆக வேண்டும். இரண்டு ஆண்டுகள் இசைக் கோட்பாடும் செவிப்பயிற்சியும். வயலின்காரரும் பியானோவில் தேறிக் காட்ட வேண்டும். செமஸ்டர் முடிவில் ஆசிரியர் குழுவின் முன் வாசிப்பு. மூன்றாம் ஆண்டில் அரைமணி நேரக் கச்சேரி, நான்காம் ஆண்டில் ஒருமணி நேரம். அதே அமெரிக்காவில் இசையில் பி.ஏ. எடுத்தால் இசையின் பங்கு பாதிக்கும் கீழே போய்விடும்; பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். (நம்மூர்ப் பெயரைத் தாங்கிய பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் 1960-களிலேயே அங்கே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக சங்கீதம் சொல்லித்தந்திருக்கிறார். ஆசிரியராகப் போனது நாம் முந்தி, மாணவராகப் போவது பிந்தி.)

அவ்வளவு தூரம் முடியாதென்றால் இரவு ரயிலேறிச் சென்னை. ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில் மேற்கத்திய இசையை முறையாகப் படிக்கலாம். அரசுக் கல்லூரியின் கட்டணத்தோடு அதை ஒப்பிடவே முடியாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த மேற்கத்திய வழியானாலும், காதால் கேட்டு வாசிக்கும் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இசைக்குறிப்புத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதில்தான். அதற்குப் பிளஸ் ஒன்னிலேயே கிரேடு தேர்வுகளில் இறங்குவது நல்லது. லண்டன் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். முறையில் ஆறாம் கிரேடு செய்முறைக்குப் போகுமுன் ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான தேர்வோ முடித்திருக்க வேண்டும். அந்தத் தியரியை மட்டும் தள்ளிப்போடாமல் முதலில் எழுதிவிடச் சொல்லுங்கள்.